ஜப்பானிய அகில் ஊதுபத்தியைப் பரிசாகக் கொடுப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசாகாவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிக்கு நடுவே நாலைந்து அகில் ஊதுபத்திப் பெட்டிகளும் இருக்கும். வாங்கிக்கொண்டவர்கள் பிறகு போன் செய்து கேட்டவை, ஜப்பானுக்குப் போகும் நண்பர்கள் கடையில் நின்றுகொண்டே கேட்டவை என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் அலோஸ்வுட் என்று போட்டிருக்கிறதே, இது கற்றாழையா?

இல்லை. கற்றாழைக்கும் இதற்கும் பெயரில் இருக்கும் ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் கிடையாது. இது அக்விலாரியா என்ற மரவகையிலிருந்து கிடைக்கும் பிசின் ஏறிய கட்டை. நல்ல மரத்தின் கட்டை வெளிர் நிறமாக, லேசாக, மணமே இல்லாமல் இருக்கும். மரத்தில் காயம் பட்டு உள்ளே பூஞ்சை புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. வருடக்கணக்கில் அது ஊறிக் கறுத்துப்போன பகுதிதான் மணக்கும் கட்டை.

பிசின் நிறைந்த கட்டை கனமாகித் தண்ணீரில் மூழ்கும். ஜப்பானியர் இதை ஜின்கோ என்கிறார்கள். மூழ்கும் நறுமணம் என்று பொருள்.

அப்படியென்றால் நம்ம அகில்தானே இது?

ஆமாம், நம் பழைய அகில் இதுதான். சங்கப் பாட்டில் வாடைக்காலத்துக் குளிரில் அகிலோடு கண்டசர்க்கரையும் சேர்த்துப் புகைப்பார்கள். பெண்கள் கூந்தலுக்குப் புகையூட்டியதும் இதில்தான். அஸ்ஸாமில் அகர் என்கிறார்கள், அரபு நாடுகளில் ஊத். இலங்கையில் வல்லப்பட்டை என்று சொல்வது இதற்கு நெருங்கிய உறவான வேறொரு மரம். அதிலும் இதே மாதிரிப் பிசின் ஊறும்.

ஒரு எச்சரிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்று ஒரு மரம் உண்டு. அது வேறு குடும்பம். ஆகவே அகில் என்று பெயர் சொன்னாலே ஜப்பானியர் சொல்லும் ஜின்கோ என்று நினைத்துவிட வேண்டாம்.

ஊதுபத்தி நம்ம ஊரிலேயே கட்டுக்கட்டாகக் கிடைக்குது. அங்கிருந்து தூக்கிட்டு வர இதுல என்ன இருக்கு?

கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். நம் ஊதுபத்தி மூங்கில் குச்சியைச் சுற்றித் தேய்த்தது. கரித்தூளும், ஒட்டிப் பிடிக்க ஜிகட் என்ற மரப்பட்டைத் தூளும் சேர்த்துத் தேய்த்துக் காயவைத்து, பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சென்ட்டில் முக்குவார்கள். சென்கோ என்ற ஜப்பானிய ஊதுபத்திக்குள் மூங்கில் குச்சியே கிடையாது. மரத்தூளையும் வாசனைச் சரக்குகளையும் மாவாகப் பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிந்து, நிமிர்த்திக் காயவைத்தது. முழுக்க முழுக்கச் சரக்குதான். பிடித்து நிற்கச் சேர்ப்பது தாபு என்ற மரத்தின் பட்டைத் தூள். நம் ஜிகட்டும் அந்தத் தாபுவும் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூங்கில் எரியும் வாடை இல்லாததால் மணம் சுத்தமாக இருக்கும். ஆனால் சன்னமாகவும் இருக்கும். நம் பத்தி தெருமுனை வரை வரும், இது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லும். இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு. கல்யாண வீட்டு வாசலில் ஏற்ற இதை வாங்கிப் போகாதீர்கள்.

ஜப்பானில் அகில் மரம் விளையுமா?

விளையாது. ஒரு துண்டுகூட அந்த மண்ணில் விளைந்ததில்லை. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், இந்தோனேசியா, மலேசியா என்று தெற்கிலிருந்து கடல் வழியாக வந்ததுதான் எல்லாம். அதனால்தானோ என்னவோ அவ்வளவு மரியாதை கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

720இல் முடிக்கப்பட்ட அவர்களது பழைய வரலாற்று நூலில் ஒரு செய்தி இருக்கிறது. 595ஆம் ஆண்டு அவாஜி தீவில் ஒரு பெரிய கட்டை கரை ஒதுங்கியது. தீவுக்காரர்கள் என்னவென்று தெரியாமல் விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்தார்கள். புகை வெகுதூரம் மணத்தது. உடனே அந்தக் கட்டையை அரசி சுய்கோவின் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜப்பானில் அகில் பற்றிய முதல் பதிவே இதுதான். யோசித்தால், அங்கே அது பரிசாகத்தான் நுழைந்திருக்கிறது. அதே அவாஜி தீவில், ஏய் என்ற துறைமுக ஊரைச் சுற்றி, 1850 முதல் ஊதுபத்தி செய்கிறார்கள். ஜப்பானின் ஊதுபத்தியில் பெரும்பங்கு இன்று அங்கிருந்துதான் வருகிறது. கடையில் கியோட்டோ, ஒசாகா, சகாய் என்று பெரிய பெயர்களைப் பார்ப்பீர்கள். அவையும் பழமையானவைதான்: கியோட்டோவின் குன்கியோகுதோ 1594இலிருந்து இருக்கிறது, ஷோயெய்தோ 1705இலிருந்து.

நாரா நகரத்தின் ஷோசோயின் களஞ்சியத்தில் ரன்ஜதாய் என்றொரு அகில் கட்டை இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், எடை 11.6 கிலோ. ஆட்சியாளர்களே அனுமதி பெற்றுத்தான் அதிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்ட முடிந்தது. ஓடா நொபுநாகா 1574இல் வெட்டினார், பேரரசர் மெய்ஜி 1877இல் வெட்டினார். வெட்டிய இடங்களில் யார் வெட்டியது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கடையில் ஜின்கோ, கியாரா, பியகுதான் என்று மூன்று சொல்கிறார்கள். எதை வாங்க?

பியகுதான் என்றால் சந்தனம். நல்ல பொருள்தான், ஆனால் அகில் இல்லை. பல பேர் தெரியாமல் இதைத்தான் அகில் என்று வாங்கி வருகிறார்கள். அன்றாடம் ஏற்ற ஜப்பான் முழுக்க விற்கும் மைனிச்சிகோகூடச் சந்தன வகைதான்.

ஜின்கோ என்பது அகில். கியாரா அதிலேயே உச்சம். வியட்நாமின் நடுப்பகுதியில் அபூர்வமாகக் கிடைப்பது. கோதோ என்ற வாசனைக் கலையில் அகிலை ஆறு நாடு, ஐந்து சுவை என்று பிரிக்கிறார்கள். இனிப்பு, கைப்பு, காரம், புளிப்பு, உப்பு என நாக்கின் சுவைகளை மூக்குக்குச் சொல்வது அவர்கள் வழக்கம். கியாராவில் இவை ஐந்தும் வரும் என்பார்கள்.

முதன்முறை பரிசாகக் கொடுப்பதற்கு நான் சொல்வது நடுத்தர ஜின்கோவில் சின்னப் பெட்டி. கியாரா எழுதிய பெட்டி என்று ஆசைப்படாதீர்கள். அதில் கியாரா எத்தனை துளி சேர்ந்திருக்கிறது என்று பெட்டி சொல்லாது. பெயருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஜின்கோவுக்குக் கொடுங்கள்.

ஒரு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு விலையா?

மரம் நட்டால் எல்லா மரத்திலும் பிசின் ஊறுவதில்லை. ஊறினாலும் நல்ல தரமாக ஊறப் பல காலம் ஆகும். காட்டில் இருந்ததைத் தேடித்தேடி வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இப்போது தோட்டத்தில் வளர்த்து, துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தி எடுக்கிறார்கள், ஆனால் பழைய காட்டுக் கட்டையின் ஆழம் அதற்கு இன்னும் வரவில்லை என்பதே பழகிய மூக்குகளின் பேச்சு. நல்ல கியாரா கட்டையின் கிராம் விலை தங்கத்தோடு போட்டி போடும்.

சந்தனப் பத்தி சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். ஓரளவு உண்மையான ஜின்கோ சில ஆயிரம் யென்னில் தொடங்கும். கியாரா பல பத்தாயிரத்துக்குப் போகும். முந்நூறு யென்னுக்கு அகில் என்று விற்றால் அது அகில் போல மணக்கும் செயற்கை வாசனை. அதைக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அகில் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அக்கா, நீங்க குடுத்த பத்தியைக் கொளுத்தினேன், வாசனையே வரல. பழைய சரக்கா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறதா? ஓடிக்கொண்டுதான் இருக்கும். இவ்வளவு சன்னமான புகையை ஃபேன் ஒரு நொடியில் கலைத்துவிடும்.

ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வையுங்கள். பத்தியை மூக்கருகில் கொண்டுபோகாமல், அறையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அந்த அறைக்குள் வரும்போது தெரியும். முதலில் கசப்பான மருந்து வாடை போல இருக்கும், நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி. அதன் அடியில் ஒரு இனிப்பு வரும். பத்தி அணைந்து ஒரு மணி நேரம் கழித்து திரைச்சீலையில் மிஞ்சியிருக்கும் மணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஸ்டாண்டுல குத்தினா ஒடிஞ்சு போகுது, எப்படி ஏத்துறது?

உள்ளே மூங்கில் இல்லை என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால்தான். நம் ஸ்டாண்டின் துளைகள் மூங்கிலுக்கானவை. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆறிய சாம்பலையோ சலித்த காய்ந்த மணலையோ நிரப்பி, அதில் மெதுவாக நட்டு வையுங்கள். புதைந்திருக்கும் அடிப்பகுதி எரியாமல் அணைந்துவிடும். அந்தத் துண்டுகளை நான் சேர்த்து வைத்து அலமாரியில் போடுவேன். பதினான்கு சென்டிமீட்டர் அளவுள்ள குச்சி அரை மணி நேரத்தை ஒட்டி எரியும். சின்ன அறைக்குப் பாதியாக ஒடித்து ஏற்றினாலே போதும்.

அப்புறம், சுடரை வாயால் ஊதி அணைக்க மாட்டார்கள். கையால் விசிறி அணைப்பார்கள். வாய்க்காற்று எச்சில் என்ற எண்ணம் அங்கும் உண்டு. சாமி விளக்கை ஊதாதே என்று வளர்ந்த நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

வாசனையைக் கேட்பது என்று சொன்னார்களே, மொழிபெயர்ப்புப் பிழையா?

பிழை இல்லை. ஜப்பானிய மொழியில் அகிலை முகர்கிறோம் என்று சொல்லாமல் கேட்கிறோம் என்றுதான் சொல்வார்கள். கோதோ அரங்கில் பத்தியே ஏற்றுவதில்லை. கிண்ணத்துச் சாம்பலுக்குள் ஒரு கரித் துண்டைப் புதைத்து, மேலே மெல்லிய மைக்காத் தகடு வைத்து, அதன்மேல் நெல்மணி போல ஒரு துளி அகில். எரியாது, புகையாது, சூடேறி மணம் மட்டும் வரும். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் மேலே கூடாரம் போல மூடி, மூன்று முறை மூச்சிழுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அஷிகாகா யோஷிமாசா என்ற ஷோகுனின், அதாவது படைத்தலைவராக நாட்டை ஆண்டவரின், காலத்தில் உருவான கலை இது. ஓயே, ஷினோ என்ற இரு மரபுகள் இன்றும் நடக்கின்றன.

இதில் கென்ஜி-கோ என்று ஒரு விளையாட்டு. ஐந்து வகை மணத்தில் வகைக்கு ஐந்து பொட்டலமாக இருபத்தைந்து கட்டி, கலந்து, ஐந்தை மட்டும் எடுத்துச் சுற்றில் விடுவார்கள். எது எதோடு ஒன்று என்று சொல்ல வேண்டும். ஐந்து கோடுகளை இணைத்து விடையை வரைவார்கள். மொத்தம் 52 வடிவங்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் அவர்களது பழம்பெரும் கென்ஜி கதையின் ஒரு அத்தியாயத்தின் பெயர். அந்த வடிவங்கள் கிமோனோவிலும் இனிப்புப் பெட்டியிலும்கூட இருக்கும். ஊதுபத்தி உறையில் குட்டிக் குட்டி வாசல் போன்ற கோடுகளைப் பார்த்தால் அதுதான்.

ஜப்பானிய நண்பருக்கே இதைப் பரிசாகக் கொடுக்கலாமா?

யோசித்துக் கொடுங்கள். அங்கே பெட்டி நிறைய ஊதுபத்தியைப் பரிசாக அனுப்புவது பெரும்பாலும் இறந்தவருக்காக. துக்க வீட்டில் கொடுக்கும் பண உறைக்கே கோதென் என்று பெயர், வாசனைப் பொருளுக்கான காணிக்கை என்ற பொருளில். முன்பு ஊதுபத்தியையே கொண்டுபோனார்கள், பிறகு அது பணமாயிற்று.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம், அடுத்த வீட்டுப் பாட்டிக்கு, என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு நன்றியாக ஒரு ஜின்கோ பெட்டி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சுவரோரப் புத்தர் மாடத்தில் வைத்து, மணியை ஒருமுறை தட்டினார். மாடத்தில் அவர் கணவரின் படம். அந்த ஆகஸ்ட் அவர் இறந்தபின் வந்த முதல் ஓபோன் பண்டிகை, முன்னோர் வீடு திரும்பும் நாட்கள். நான் தெரிந்துதான் கொண்டுவந்தேன் என்று பாட்டி நினைத்துவிட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை அவர் ஏற்றிய முதல் குச்சிக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் பிறந்தநாளுக்கும் புதுமனைக்கும் அதே பெட்டியை நீட்டினால் சங்கடம். அதற்கென்று அறைக்கு ஏற்றும் வகை தனியாக விற்கிறது: சின்னக் குச்சிகள், கூடவே ஒரு பீங்கான் தாங்கி. எரிக்காமலே மணக்கும் நியோய்-புகுரோ என்ற வாசனைத் துணிப்பை இன்னும் நல்லது. கடையில் யாருக்கு, எதற்கு என்று சொல்லிவிட்டால் சரியான காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மங்கலத்துக்குச் சிவப்பு வெள்ளை முடிச்சு, துக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை. ஒசாகா பக்கம் மஞ்சள் வெள்ளையும் உண்டு. நான்கு பெட்டியாகக் கொடுக்காதீர்கள், நான்கு என்ற ஒலி சாவு என்றும் கேட்கும்.

துக்கத்துக்கே கொடுக்க வேண்டியிருந்தால்?

அப்போது இதைவிடப் பொருத்தமானது இல்லை. சாவுக்குப் போக முடியாமல் பிறகு தெரிந்தவர்கள், புகை குறைவான நல்ல ஜின்கோவாக அனுப்புவது அங்கே மதிப்பான வழக்கம். எப்படி ஏற்றுவது என்பது பௌத்தப் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஜோதோ ஷின்ஷு வீடுகளில் குச்சியை ஒடித்துச் சாம்பலில் படுக்க வைப்பார்கள், ஷிங்கோன் வழியில் மூன்று குச்சி நடுவார்கள். நீங்கள் ஏற்ற நேர்ந்தால் வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

எங்க வீட்டு பூஜை அறையில ஏத்தலாமா? சைவம்தானே?

பெரும்பாலும் மரம், பட்டை, கிராம்பு, கற்பூரம் போன்றவைதான். ஆனால் எல்லாமே அப்படியில்லை. கைகோ என்று கடல் நத்தையின் மூடியைப் பொடித்து மணம் நிற்பதற்காகச் சேர்ப்பது பழைய வழக்கம். கஸ்தூரியும் சில பழைய கலவைகளில் உண்டு. நெரிகோ என்ற உருண்டை வகையில் தேன் சேரும். சைவ வீட்டுக்கு வாங்கினால் கடையில் கைகோ இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உறையைப் படித்து நான் பட்ட வேதனை உங்களுக்கு வேண்டாம்.

ஆஸ்துமா இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கலாமா?

எரிப்பதைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு உயர்ந்த அகிலானாலும் புகை புகைதான். புகை குறைந்தது என்று எழுதியிருந்தாலும் நெஞ்சுக்குத் தெரியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே பதில். மேலே சொன்ன துணிப்பையைக் கொடுங்கள். புடவை பீரோவில் போட்டால் பல மாதம் மணக்கும்.

பிளைட்ல கொண்டுவரலாமா? கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்களா?

அகில் மரம், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 1995இல் ஒரு இனம் வந்தது, 2005 முதல் அந்த மரவகை முழுவதும், வல்லப்பட்டை மர வகையும் சேர்ந்தன. இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டையோடு பிடிபட்டவர்கள் என்று அடிக்கடி செய்தி வருவது இதனால்தான்.

ஆனால் கடையில் விற்பதற்கென்று பெட்டியில் அடைத்த முழுமையான பொருளுக்கு அந்த உடன்படிக்கையில் விலக்கு உண்டு. ஊதுபத்திப் பெட்டி அதில் வரும். மரத் துண்டு, கோர்க்கும் மணி, ஜபமாலை, சிற்பம் இவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது. அவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கலாம். ஆகவே உறை பிரிக்காத பத்திப் பெட்டியும் கடை ரசீதும் கையில் இருக்கட்டும். கூரியரில் அனுப்பினால் குச்சிகள் பொடியாகிவிடும். நான் ஒருமுறை அனுப்பியது தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. கைப்பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவதே நல்லது.

பத்தி வேண்டாம், கட்டையாகவே வாங்கிக் கொடுத்தால் இன்னும் மதிப்பு இல்லையா?

மதிப்புதான், ஆனால் முந்தின பதிலில் சொன்ன அனுமதிச் சிக்கல் ஒருபுறம், போலி மறுபுறம். சாதாரணக் கட்டையை எண்ணெயில் ஊறவைத்து, சாயம் ஏற்றி விற்பது எங்கும் நடக்கிறது. சூடு காட்டினால் உண்மையான கட்டையில் பிசின் பொங்கி மணம் அடுக்கடுக்காக மாறும். போலியில் ஒரே மணம் குப்பென்று வந்து கருகலில் முடியும். ஆனால் பரிசுக் கட்டையை யார் சூடுகாட்டி வாங்குவார்கள்? கேட்டு ரசிக்கும் கிண்ணமும் சாம்பலும் பழக்கமும் உள்ளவருக்கு மட்டும் கட்டை கொடுங்கள்.

போன தீபாவளிக்கு வாங்கினது, இந்த தீபாவளிக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. நறுமணத்துக்குப் பத்து குணம் என்று ஒரு பழைய சீனப் பாட்டு ஜப்பானில் புழங்குகிறது. நெடுநாள் வைத்தாலும் கெடாது என்பது அதில் ஒன்று. வெயில், ஈரம், நாப்தலின் உருண்டை மூன்றும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் நாப்தலினோடு வைத்த அகில் நாப்தலினாகத்தான் மணக்கும்.

பெட்டியோடு ஏதாவது எழுதி வைக்கணுமா?

கட்டாயம். எழுதாமல் கொடுத்த பெட்டிகள் பூஜை அலமாரியில் பிரிக்காமலே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் வைக்கும் சீட்டு இதுதான்: “இது அகில். ஒரு நாளைக்குப் பாதிக் குச்சி போதும். சாம்பலில் நட்டு வையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து அந்த அறைக்கு வாருங்கள்.”